தாடகை மலை ஏன் குட்டையாகிப் போனது?

உங்கள் ஊரில் தெரியும் ஒரு மலையைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த லென்ஸ் என்று மறக்காமல் எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் படங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன், சிலவற்றை மூன்று நான்கு தடவை. கூடவே வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிவருகின்றன. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கேள்வி: அண்ணாச்சி, இயற்கைக் காட்சிக்கு வைடு லென்ஸ்தான் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆறு மாதம் காசு சேர்த்து கேனான் 10-18 வாங்கினேன். தேரூர் குளத்துக் கரையில் நின்று தாடகை மலையை எடுத்தேன். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிற மலை, படத்தில் கறையான் புற்று மாதிரி கிடக்கிறது. என் கூட்டுக்காரன் பழைய 55-250 லென்ஸில் எடுத்த படத்தில் அதே மலை நிமிர்ந்து நிற்கிறது. நான் தப்பான லென்ஸை வாங்கிவிட்டேனா?
(தேரூர் வாசகர், இரண்டு படங்களுடன்)

பதில்: தம்பி, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் லென்ஸில் குறை எதுவும் இல்லை. ஓரத்தில் நிற்கும் தென்னையின் ஓலைகூட தெளிவாக விழுந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு உங்கள் கூட்டுக்காரர் வைத்திருந்ததுதான் சரியான லென்ஸ்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். லென்ஸில் எழுதியிருக்கும் 10, 55 எல்லாம் மில்லிமீட்டரில் அதன் குவியத்தூரம்; எண் சிறிதானால் காட்சி அகலமாகும், பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகும். 500 மீட்டர் உயரமுள்ள ஒரு மலை உங்களிடமிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ல் எடுத்தால் அந்த மலை சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் தகட்டில்) விழும் உயரம் 0.6 மில்லிமீட்டர். உங்கள் கேமராவின் சென்சார் உயரம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். அதாவது படத்தின் உயரத்தில் 24-ல் ஒரு பங்குதான் மலை. மீதி எல்லாம் வானமும் தண்ணீரும். 55-ல் எடுத்தால் 3.4 மில்லிமீட்டர், கால் பங்கை நெருங்கிவிடும். 100-ல் பாதிக்குச் சற்றுக் குறைவு. 200-ல் 12.5 மில்லிமீட்டர், படம் முழுக்க மலைதான். கண் ஏமாற்றுவதாக நாம் நினைக்கிறோம். நாம் ஒரு மலையைப் பார்க்கும்போது மனசு மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு மலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 10-18 எதையும் ஒதுக்காது, முன்னால் இருப்பதை எல்லாம் சமமாக அள்ளிக்கொண்டு வரும்.

நான் தக்கலையில் ஸ்டுடியோ நடத்திய காலத்திலிருந்தே சொல்லிவரும் ஒன்று இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் அகலம் குறைந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வயலும் குளமும் தென்னந்தோப்பும். நாஞ்சில் நாட்டு ஏலாவில், அதாவது வயல்வெளியில், எங்கே நின்றாலும் வடக்கே மலை தெரியும், ஆனால் கிட்டத்தில் இருக்காது, சில கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கும். வைடு லென்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மலையடிவாரத்திலேயே நின்று எடுக்கிற ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அது சரி. பூதப்பாண்டி, தாழக்குடி, தேரூர் ஏலாக்களில் நின்று எடுக்கிற நமக்கு 70 முதல் 200 வரைக்கும்தான் இயற்கைக் காட்சி லென்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் டெலியை, அதாவது தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸை, மாட்டி ஜூம் செய்தால் மட்டும் போதாது. உங்கள் கூட்டுக்காரரின் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். அதில் ஒரு பனை நிற்கிறது, பனையும் மலையும் ஏறக்குறைய ஒரே உயரம். உங்கள் படத்தில் அதே பனை வானத்தைத் தொடுகிறது, மலை அதன் காலடியில் கிடக்கிறது. லென்ஸ் செய்த வேலை இல்லை இது, கால் செய்த வேலை. அந்தப் பனை 15 மீட்டர் உயரம் என்றால், அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கும்போது படத்தில் அது மலையைப் போல 16 மடங்கு உயரம். 240 மீட்டர் பின்னால் போய் நின்றால் பனை சுருங்கி மலைக்குச் சமமாகிவிடும். மலை மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் 8 கிலோமீட்டருக்கு முன்னால் 240 மீட்டர் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் நின்று 100-ல் எடுத்தால் இரண்டும் கம்பீரமாக நிற்கும். முதலில் வரப்பு வழியாகப் பின்னால் நடங்கள், பனையும் மலையும் எந்த அளவில் வேண்டும் என்று கண்ணால் முடிவு செய்யுங்கள், அப்புறம் அந்தச் சட்டத்துக்குள் அடைக்கிற லென்ஸை மாட்டுங்கள். இந்த வரிசை மாறினால் எந்த லென்ஸும் உதவாது.

ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் படம் வைகாசி மாத நண்பகலில் எடுத்தது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரைக்கும் நண்பகலில் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். நாம் பார்க்கும் மலை முகத்தில் அப்போது வெளிச்சம் விழாது. மடிப்பெல்லாம் மறைந்து, அட்டையில் வெட்டி ஒட்டினது மாதிரி ஆகிவிடும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. காலை ஏழு, எட்டு மணிக்குத் தென்கிழக்கிலிருந்து வரும் வெளிச்சம் மலையின் ஒவ்வொரு மடிப்பையும் எழுப்பிக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இரவு மழை பெய்து வெளுத்த காலை கிடைத்தால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு ஓடுங்கள். மழை தூசியைக் கழுவிவிட்டிருக்கும், காற்றில் மங்கல் இருக்காது, பாறைப் பிளவுகூடத் தெரியும். அந்தச் சமயம் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நாற்று நட்ட வயலில் தண்ணீரும் நிற்கும், மலை அதில் விழுந்திருக்கும்.

10-18 லென்ஸை விற்றுவிடாதீர்கள். அதற்கான இடமும் நம் மாவட்டத்தில் இருக்கிறது, அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழே இருந்து எடுத்தால் தூண்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்து விழுவது மாதிரி வருகின்றன. லென்ஸ் கோளாறா?
(திருவட்டாறு வாசகி)

பதில்: கோளாறு இல்லை. 115 அடி உயரத் தூணை எடுக்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள். சாய்த்தால் தூண்களும் சாயும், எந்த லென்ஸானாலும் இதே கதைதான். கேமராவை நேராக, தரைக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு தூணின் உச்சி படத்துக்குள் வர வேண்டும் என்றால் ஒன்று தள்ளிப் போக வேண்டும், இல்லை 10, 12 மாதிரி அகலமான லென்ஸ் வேண்டும். பறளியாற்றின் கரையில் மரங்கள் நெருக்கமாக நிற்பதால் தள்ளிப் போக இடம் கிடையாது. வைடு லென்ஸ் காசுக்குப் பெறுகிற இடம் இதுதான். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை வரும். அங்கே ஆற்றுப் பாறையோ வாழையோ இருக்கிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். வேண்டாத பகுதியை வீட்டுக்கு வந்து வெட்டிவிடலாம்.

1966-ல் கட்டிய பாலம், 28 தூண்கள். மேலே ஏறி நடந்து எடுக்கிறவர்கள்தான் அதிகம். எனக்குக் கீழே இருந்து பார்க்கிற காட்சிதான் பிடிக்கும். மலைச்சரிவிலிருந்து மலைச்சரிவுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள் என்பது கீழே நின்றால்தான் புரியும். மனிதர் ஒருவர் தூணடியில் நிற்கட்டும், உயரம் தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: என் கேமராவில் 50 போட்டால் 75 ஆகிவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் 50 வாங்குவது நஷ்டமா?
(மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்)

பதில்: 50 எப்போதும் 50-தான். உங்கள் சென்சார் சின்னது என்பதால் நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில், அதாவது பழைய 35 மி.மீ. பிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளதில், 75 போட்டால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் 1.5 மடங்கு, கேனான் என்றால் 1.6. மலை எடுக்கிற நமக்கு இது லாபம், 200 போட்டால் 300 மாதிரி கிடைக்கிறது.

கேள்வி: முட்டம் பாறையில் அலை தெறிக்கிற படம் எடுக்க அடிக்கடி போகிறேன். லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. உள்ளேயும் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. என்ன செய்வது?
(குளச்சல் வாசகர்)

பதில்: இரண்டும் தனித்தனி வியாதிகள்.

கீறல் விழுந்தது துடைத்த விதத்தால். அலைச் சாரல் காய்ந்தால் உப்புப் பரலாகிவிடும். அதோடு நம் கரையில் மணலும் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்கானும் கலந்திருக்கின்றன. கார்னெட், சிர்கான் இரண்டுமே கண்ணாடியைவிடக் கடினம். காற்றில் வந்து ஒட்டின அந்தப் பொடியைச் சட்டை நுனியால் துடைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். முதலில் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள், உப்பு கரைந்து வந்துவிடும். கடைசியில் உலர்ந்த மைக்ரோ ஃபைபர் துணி. லென்ஸின் உலோகப் பகுதியையும் கேமராவில் மாட்டும் வளையத்தையும் மறக்க வேண்டாம். முட்டத்துக்கும் சொத்தவிளைக்கும் போகும்போது மட்டும் ஒரு யு.வி. ஃபில்டர் மாட்டிக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும்போது கழற்றிவிடுங்கள். தேவை இல்லாமல் ஒரு கண்ணாடி கூடுவது எனக்குப் பிடிக்காது.

உள்ளே தெரிவது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. இதைப் பற்றி எழுதும்போது கை நிற்கிறது. 1994-ல் என் அப்பா எனக்கு ஒரு 135 லென்ஸ் வாங்கித் தந்தார். அவர் அதற்கு எப்படிப் பணம் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியும். கூடவே வந்த தோல் உறையில் போட்டு, மேலே ஒரு துணியும் சுற்றி, இரும்பு அலமாரியில் பத்திரமாக வைத்தேன். அந்த வருஷம் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் வெளிவேலை இல்லை, கல்யாணம் இல்லை, லென்ஸை எடுக்கவே இல்லை. ஆவணியில் திறந்து பார்த்தால் நடுக்கண்ணாடியில் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. பழுது பார்க்கிறவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார், நூல் போனது. ஆனால் அது கண்ணாடியின் பூச்சைத் தின்ற தடம் போகவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்றைக்கும் படத்தில் ஒரு மூட்டம் விழும். அப்பாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

தோல் உறையும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வருஷத்தில் பாதி நாள் காற்று ஈரமாகத்தான் இருக்கும். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், சதவீதத்தில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஒரேயடியாக வறண்டு போகவும் விடக்கூடாது, உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசைக்கு ஆகாது. சிலர் அரிசியில் புதைத்து வைக்கிறார்கள், அதன் மாவுத்தூள் உள்ளே போய்விடும், வேண்டாம். வாரம் ஒரு தடவை எடுத்து நாலு படம் எடுங்கள். உங்கள் லென்ஸை மட்டும் உடனே பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள், அதுவரைக்கும் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் ராட்சதத் தட்டு மாதிரி நிற்கிற படங்களைப் பார்க்கிறேன். நான் எடுத்தால் சூரியன் பொட்டு அளவுக்குத்தான் வருகிறது. அவை எல்லாம் கணினியில் ஒட்ட வைத்த படங்களா?
(அகஸ்தீஸ்வரம் வாசகர்)

பதில்: சிலது ஒட்டு வேலை. பார்த்தவுடன் தெரியும், சூரியன் இருக்கும் பக்கமும் வெளிச்சம் வரும் பக்கமும் வேறு வேறாக இருக்கும். ஆனால் நேர்மையாகவே அப்படி எடுக்க முடியும். திரும்பவும் கால்கணக்குதான்.

சூரியனும் முழு நிலவும் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம். ஒரு பொருள் நம்மிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதை 110-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் சூரியன் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்று வந்துவிடும். பீடத்தோடு சேர்த்து சிலை 133 அடி, அதாவது 40 மீட்டருக்குச் சற்று மேல். நீங்கள் கரையிலிருந்து, 400 மீட்டர் தூரத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் சூரியன் 3.6 மீட்டர் அகலம், சிலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2 கிலோமீட்டர் தள்ளிப் போனால் 18 மீட்டர். நாலரைக் கிலோமீட்டர் போனால் சிலையும் சூரியனும் சமம். அவ்வளவு தூரத்திலிருந்து சிலையை நிறைவாக எடுக்கத்தான் 300, 400 லென்ஸ் தேவைப்படுகிறது. லென்ஸ் சூரியனைப் பெரிதாக்கவில்லை, நீங்கள் தள்ளிப் போய்ச் சிலையைச் சிறிதாக்குகிறீர்கள்.

சூரிய உதயம் வேண்டும் என்றால் சிலைக்கு மேற்கே நிற்க வேண்டும். கோவளம் பக்கமாகக் கரையோரம் நடந்து, எந்த இடத்தில் கட்டடம் மறைக்காமல் சிலை தெரிகிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். சூரியன் எழும் இடம் நாளுக்கு நாள் நகரும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் வருஷத்தில் சில நாள்தான் சிலைக்கு நேர் பின்னால் வரும். கைப்பேசியில் சூரியனின் திசை காட்டும் செயலிகள் இருக்கின்றன, வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துவிடலாம். கடலில் சூரியன் மறைவதைக் கன்னியாகுமரியில் பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசி முதல் மாசி வரை போங்கள். மற்ற மாதங்களில் அது தரைப் பக்கம் ஒதுங்கிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் டெலியை மாட்டிக்கொண்டு வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். பின்திரையில் பார்த்து எடுங்கள், அதுவும் சூரியன் அடிவானத்தில் சிவப்பாக இருக்கும்போது மட்டும்.

நிலவுக்கும் இதே கணக்குதான். சித்ரா பௌர்ணமிக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலவு எழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், பார்க்க அற்புதமான நேரம். படம் எடுக்க எனக்கு அதற்கு முந்தின நாள்தான் பிடிக்கும். அன்றைக்குச் சூரியன் மறைவதற்கு முன்பே நிலவு எழுந்துவிடும், பாறையிலும் சிலையிலும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும். பௌர்ணமி அன்று நிலவு வெளுத்துப் போகும், இல்லை சிலை கருத்துப் போகும். இன்னொன்றும் கவனியுங்கள். 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இப்போது இணைக்கிறது. 77 மீட்டர் நீளம். முன்பு இரண்டுக்கும் நடுவில் வெறும் கடல் தெரிந்த இடத்தில் இப்போது ஒரு வளைவு நிற்கிறது. பழைய படங்களைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: முன்னால் வாழைத்தோட்டம், பின்னால் மருந்துவாழ் மலை. இரண்டும் தெளிவாக வர எஃப் 22 வைத்தேன். இரண்டுமே மந்தமாக இருக்கின்றன.
(பொற்றையடி வாசகர்)

பதில்: எஃப் எண் கூடக் கூட லென்ஸுக்குள் ஒளி நுழையும் ஓட்டை சின்னதாகும். ஓட்டை அவ்வளவு சின்னதானால் ஒளி அதன் விளிம்பில் சிதறி, படம் முழுக்கக் கூர்மை குறைந்துவிடும். எஃப் 8 போதும், மிஞ்சினால் எஃப் 11. உங்கள் 18-55 லென்ஸில் 18 வைத்து, எஃப் 8-ல், ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி இருக்கும் வாழையில் போக்கஸ் செய்யுங்கள். 1 மீட்டரிலிருந்து மலை உச்சி வரைக்கும் தெளிவாக வரும். டெலியில் இந்த வசதி கிடையாது. அதில் முன்பொருளை நூறு இருநூறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். முதல் பதிலில் பனையிலிருந்து பின்னால் நடக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: முப்பந்தல் காற்றாலைகளை 70-300-ல் எடுத்தேன், ட்ரைபாட் வைத்தும் ஆடிவிட்டது. விலை கூடின லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?
(தோவாளை வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் ஆனி மாதம் எடுத்திருக்கிறீர்கள். மேற்கிலிருந்து வரும் காற்றை ஆரல்வாய்மொழிக் கணவாய் புனல் மாதிரி குவித்து அனுப்புகிறது. காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் வைத்ததே அதனால்தான். அந்தக் காற்றில் ட்ரைபாடின் மெல்லிய நடுத்தண்டைத் தூக்கிவிட்டால் அது கொடிக்கம்பம் மாதிரி ஆடும். தண்டை இறக்குங்கள், கேமராப் பையை நடுவில் தரை தொடுகிற மாதிரி தொங்கவிடுங்கள், லென்ஸ் ஹுடைக் கழற்றுங்கள், அது காற்றைப் பிடிக்கிற கிண்ணம். வண்டியின் மறைவில் நில்லுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றினால் உங்கள் லென்ஸே போதும்.

இன்னொரு காரணமும் படத்தில் தெரிகிறது. மதியம் ஒரு மணி, வெந்த தரை, இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம். நடுவில் இருக்கும் காற்றே கானல் மாதிரி நெளிகிறது. அதைத் திருத்துகிற லென்ஸை இதுவரை யாரும் செய்யவில்லை. காலை ஆறரைக்குப் போங்கள், பக்கத்தில் தோவாளைப் பூச்சந்தையையும் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள், நூலோ மூட்டமோ தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்புங்கள், நறநற என்றால் மணல். ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம்.

கேள்வி: என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம். இயற்கைக் காட்சி எடுக்க ஆசை, 0.5 போட்டு எடுத்தேன், உங்களுக்குப் பிடிக்குமா தெரியவில்லை.
(குலசேகரம், இல்லத்தரசி)

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் நான் அதிக நேரம் பார்த்த படம் உங்களுடையதுதான் சகோதரி. விடியலில் பால் வெட்டுகிறவரின் தலைவிளக்கு, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மரத்தில் கட்டின சிரட்டை, பின்னால் நீலமாக மரவரிசை. அந்த நேரத்தில் அங்கே இருக்கிற ஒருவருக்குத்தான் இந்தப் படம் கிடைக்கும். நாகர்கோவிலிலிருந்து எந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் எனக்குக் கிடைக்காது.

0.5 பற்றி மட்டும் ஒரு யோசனை. அது ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 13 போட்டது மாதிரி, தேரூர் தம்பியின் சிக்கல் உங்களுக்கும் வரும். ஓரத்து மரங்கள் வளைந்து, தூரத்து வரிசை குட்டையாகிவிட்டது. 1 வைத்து எடுங்கள், இல்லை 2 வைத்துப் பின்னால் நடங்கள். ரப்பர் மரங்கள் வரிசையாக நட்டவை, தள்ளி நின்று எடுத்தால் வரிசை வரிசையாக நெருங்கி வந்து தூண்கள் நிறைந்த பிரகாரம் மாதிரி தெரியும். உங்கள் கைப்பேசியில் 3 இருந்தால் அதையும் பாருங்கள். ஆனால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் சில கைப்பேசிகள் 3 அழுத்தினாலும் அந்த லென்ஸைத் திறக்காமல், 1-ல் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். சோதிக்க எளிய வழி, ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடிப் பாருங்கள், எதை மூடினால் திரை கருக்கிறதோ அதுதான் வேலை செய்கிற லென்ஸ்.

மார்கழி முதல் மாசிக்குள் ரப்பர் இலை பழுத்து உதிரும். அந்தச் சில வாரங்கள் தோட்டத்துக்குள் மேலிருந்து நேராக வெயில் இறங்கும், தரை முழுக்கச் செம்மஞ்சள். இந்த வருஷம் விட்டுவிடாதீர்கள். பால் வெட்டுகிறவரிடம் படத்தைக் காட்டினீர்களா? இல்லையென்றால் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: மணக்குடிக் காயலில் பறவைகள் கூடுகிற ஒரு இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். படத்தோடு சரியான இடத்தையும் போட்டுப் பகிரலாமா?
(சுசீந்திரம் வாசகர்)

பதில்: படத்தைப் போடுங்கள், இடத்தைப் போட வேண்டாம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நாம் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதற்கப்புறம் கேமராவோடு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். குளத்துக்குள் இறங்கி, பறவையைக் கைதட்டிப் பறக்கவிட்டு எடுத்த படங்கள் எனக்கே வருகின்றன. அவற்றை நான் இந்தப் பகுதியில் வெளியிடுவதில்லை. ‘மணக்குடி’ என்று ஊர்ப்பெயர் மட்டும் போதும். கைப்பேசிப் படம் என்றால் அமைப்பில் போய் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் எழுதாமலே படம் சொல்லிவிடும்.

அடுத்த மாதத்துக்கு: ஒரே இடம், ஒரே பொருள், இரண்டு படம். ஒன்று பக்கத்தில் நின்று வைடாக, இன்னொன்று நூறடியாவது பின்னால் போய் ஜூம் செய்து. இரண்டிலும் முன்பொருள் ஒரே அளவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடுகிறது, லென்ஸை ஒப்பிட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை.